தகப்பன் பெயருக்குப் பதில் ஒரு கோடு

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். எந்தத் தாளை நீட்டினாலும் அடியில் கையெழுத்துப் போட்டுவிடுவான். மாதத்துக்கு நாற்பது கட்டடம், நாற்பது லிஃப்ட், ஒவ்வொன்றுக்கும் மூன்று பிரதி. மேலே என்ன அச்சடித்திருக்கிறது என்று எவன் படித்துக்கொண்டிருப்பான்? தொழில் கற்றுக்கொடுத்த கெட்ட பழக்கம், வேறொன்றுமில்லை என்றுதான் அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை நினைத்திருந்தேன்.

நான் மருந்துக் கடையில் மருந்தாளர். பதினெட்டு வருஷமாக மாத்திரை அட்டையின் பின்னால் இருக்கும் பொடி எழுத்தையும் காலாவதித் தேதியையும் படித்துப் படித்தே கண்ணாடி போட்டவள். எங்கள் வீட்டில் படிக்கிற வேலை என்னுடையது, கையெழுத்துப் போடுகிற வேலை அவனுடையது. அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஒன்றே காலுக்கு உள்ளே வந்தான். கட்டை விரலைக் கைக்குட்டையில் சுற்றியிருந்தான்.

"கம்பி கிழிச்சிருச்சுக்கா. ஒரு பிளாஸ்திரி குடு."

"கையுறை எதுக்குடா குடுத்திருக்காங்க? பையில வெச்சு அழகு பாக்கவா?"

அசட்டுச் சிரிப்பு சிரித்தான். வேலைத்தாள்கள் வைக்கும் ஃபைலை மேஜைமேல் வைத்துவிட்டு விரலை நீட்டினான். ரத்தம் ஃபைல்மேலும் சொட்டியிருந்தது. விரலுக்குக் கட்டுப் போட்டு முடித்துவிட்டு, தாளெல்லாம் நாசமாகியிருக்கிறதா என்று பார்க்க ஃபைலைத் திறந்தேன். எல்லாம் வெள்ளைத்தாள். நடுவில் ஒன்று மட்டும் நீலம்.

அடியில் அவன் கையெழுத்து. பக்கத்தில் உரிமம் எண். நேரம்: 11.20. 'குறிப்பு' என்ற கட்டத்துக்குள் அவனுடைய கோழிக் கிறுக்கலில், 'நேரில் பார்த்தேன். குறை இல்லை.'

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது எந்த லிஃப்ட்டுடா? நீலக் கலர்ல?" என்று கேட்டுக்கொண்டே தலைப்பைப் படித்தேன்.

'தத்துக் கொடுப்பதற்கு இயற்கைத் தந்தையின் சம்மதம்.' அதற்குக் கீழே குட்டியின் பெயர்.

தாளை ஃபைலிலிருந்து உருவி மேஜைமேல் வைத்தேன்.

குட்டி அவன் மகள். ஏழு வயது. அவளுடைய அம்மாவும் இவனும் இரண்டு வருஷம் சேர்ந்திருந்து, கல்யாணம் என்ற பேச்சு வருவதற்குள் சண்டை வந்து, குழந்தை பிறக்க மூன்று மாதம் இருக்கும்போது பிரிந்தவர்கள். அந்தப் பெண் பிறகு ஒருவரைக் கட்டிக்கொண்டாள். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். டிரைவிங் மாஸ்டர் என்றுதான் எங்கள் வீட்டில் பெயர். போன வருஷம் அவர்களுக்கு ஒரு பையன் பிறந்தான். குட்டிக்கு மாஸ்டர் 'அப்பா', என் தம்பி 'லிஃப்டப்பா'. சனிக்கிழமை தோறும் லிஃப்டப்பா போவான். பள்ளிக் கட்டணம், செருப்பு, பல் டாக்டர் என்று அந்தந்த மாதம் எது வருகிறதோ அதைக் கையில் கொடுத்துவிட்டு, அவளோடு பூங்காவில் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு வருவான். சட்டம், உத்தரவு, ரசீது ஒன்றும் கிடையாது. இரண்டு பக்கமும் மனுஷத்தன்மை இருந்ததால் ஓடிய வண்டி அது.

தாளைத் திருப்பினேன். பின்பக்கம் பொடி எழுத்து. 'இச்சம்மதம் உறுதியான பின் குழந்தையின் மீது இயற்கைத் தந்தைக்கு உள்ள உரிமைகள் யாவும், குழந்தைக்காக அவர் ஏற்கவேண்டிய பொறுப்புகள் யாவும் முடிவுக்கு வரும். கையெழுத்திட்ட முப்பது நாட்களுக்குள் நேரில் வந்து சம்மதத்தைத் திரும்பப் பெறலாம்.'

கையெழுத்திட்ட தேதி ஐந்து. போன மாதம் முப்பத்தொரு நாள். இன்று நான்காம் தேதி. விரல்விட்டு எண்ணினேன். கையெழுத்துப் போட்ட நாளைச் சேர்க்காவிட்டால் இன்றோடு முப்பது. சேர்த்தால் நேற்றோடு முடிந்துவிட்டது.

"என்னடா பண்ணி வெச்சிருக்க?"

"விடுக்கா" என்றான், விரலைப் பார்த்துக்கொண்டே. "தபால்ல வந்துச்சு. போட்டு அனுப்பிட்டேன். இது என் பிரதி."

"படிச்சியா?"

ரத்தக் கைக்குட்டையை நாலாக மடித்தான். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பிள்ளை என்று எங்கள் அம்மா இவனைச் சொல்வாள். கடிக்கத் தெரியாவிட்டால் பரவாயில்லை, படிக்கவாவது தெரிய வேண்டாமா? வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். கடை முதலாளி கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார்.

"எங்கம்மா கிளம்பிட்ட? சாயந்திரம் கூட்டம் வருமே."

"என் தம்பி என் மருமகளை லிஃப்ட்னு நெனச்சு எழுதிக் குடுத்துட்டான் சார். போய்த் திருப்பி வாங்கிட்டு வரேன்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. புரியவைக்க எனக்கு நேரமும் இல்லை.

குடும்ப நீதிமன்றத்தின் பதிவகம் ஊரின் மறுகோடியில் இருந்தது. மனு வாங்கும் கவுண்டர் மூன்றரைக்கு மூடிவிடும் என்று தாளிலேயே போட்டிருந்தது. பேருந்து எப்போதும் போல, அவசரம் இருக்கும் நாளில் காட்டும் நிதானத்தைக் காட்டியது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு குடும்பமே சாமான்செட்டோடு ஏறி, சில்லறை தேடி, உட்கார இடம் தேடி, பிறகுதான் நகர்ந்தது. நான் நெருப்பின்மேல் நிற்பது போல நின்றிருந்தேன். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து, கட்டுப்போட்ட விரலைத் தடவிக்கொண்டிருந்தான்.

"இது உறுதியாச்சுன்னா நீ யாரு தெரியுமா அவளுக்கு? ரோட்டுல போற ஆளு. நாளைக்கு அவங்க வேற ஊருக்குப் போனா, எங்கன்னு கேக்கக்கூட உனக்கு வழி இல்ல."

"தெரியும்."

"என்ன தெரியும்? நான் அத்தைங்கறதும் இதோட போச்சு. என்னைக் கேட்டியா?"

என்னைக் கேட்டியா என்று கேட்டவுடனே என் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஏனென்றால் ஒரு தடவை கேட்டிருக்கிறான்.

ஏழு வருஷத்துக்கு முன், ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில். குட்டி பிறந்து ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. பிரிந்துபோனவன்தான், ஆனாலும் செய்தி கேட்டு ஓடி வந்திருந்தான். நர்ஸ் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து, தகப்பன் கையெழுத்துப் போட்டால் பிறப்புப் பதிவில் பெயர் ஏறும் என்றாள். அவன் என் முகத்தைப் பார்த்தான். நான்தான் படித்தவள் ஆயிற்றே. முழுசாகப் படித்தேன். படித்துவிட்டு, "போடாதே. பேர் ஏறிச்சுன்னா நாளைக்கே கேஸ் போடுவா. நீ இன்னும் பயிற்சிச் சம்பளம் வாங்கறவன். பதினெட்டு வருஷத்துக்குக் கழுத்துல கயிறு" என்றேன். அவன் பேனாவை நர்ஸிடம் திருப்பிக் கொடுத்தான். அந்தக் கட்டத்தில் அவள் ஒரு கோடு இழுத்தாள். நீளமாக, அளவுகோல் வைத்தது போல.

கேஸ் எதையும் அந்தப் பெண் போடவில்லை. இப்போது மாஸ்டர் தத்தெடுப்பதற்காகப் போட்ட மனுவிலும் தகப்பன் தெரியாது என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். பதிவில் கோடுதானே இருக்கிறது? அவள் இவன் பெயரையும் முகவரியையும் எழுதியிருக்கிறாள். அதனால்தான் தாள் இவன் வீட்டுக்கு வந்தது. அதை நினைக்க நினைக்க எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். மீதி வழி முழுக்க அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

இறங்கும்போது மணி இரண்டு நாற்பது. பதிவகம் ஆறாவது மாடி. லிஃப்ட் முன்னால் பத்துப் பேர் நின்றார்கள். கதவு திறந்தது. நான் முட்டிமோதி ஏறப் போனேன். பின்னாலிருந்து என் கைப்பையைப் பிடித்து இழுத்தான்.

"ஏறாதக்கா."

"ஏன்டா?"

"கதவு பூட்டற சத்தம் ரெண்டு தடவை கேக்குது. ஒரு தடவைதான் கேக்கணும். நடுவுல நின்னுரும்."

"இத்தன பேரு ஏறலையா?"

"அவங்களுக்குத் தெரியாது."

வேறு எதில் அவனை நம்பாவிட்டாலும் இதில் நம்புவேன். உள்ளே மாட்டிக்கொண்டு மூன்றரை ஆகிவிட்டால்? ஆறு மாடி ஏறினோம். என் வலது முட்டி மூன்றாவது மாடியிலேயே கெஞ்ச ஆரம்பித்துவிட்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினேன். அவன் என் பின்னாலேயே, என் வேகத்துக்கே வந்தான். முன்னால் ஓடிப்போய் டோக்கன் எடுடா என்று கத்திய பிறகுதான் ஓடினான். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

டோக்கன் எண் அறுபத்தொன்று. பலகையில் நாற்பத்தெட்டு எரிந்துகொண்டிருந்தது.

பதிவகம் என்றால் ஒரு நீள அறை. சுவரோரம் இரும்பு நாற்காலிகள், மூன்று கவுண்டர், அதில் இரண்டு மூடல். திறந்திருந்த கவுண்டரில், கண்ணாடியைச் சங்கிலியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட ஒரு அம்மா. யாரையும் விரட்டவுமில்லை, யாருக்காகவும் வேகமெடுக்கவுமில்லை. ஒவ்வொரு முத்திரையையும் குத்திவிட்டு, நேராக விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த தாளைத் தொட்டார். எனக்கோ அந்த முத்திரைக் கட்டையைப் பிடுங்கி நானே நாலு குத்துக் குத்தலாமா என்று இருந்தது.

இரண்டு படிவம் வாங்கி வந்தேன். ஒன்று சம்மதத்தைத் திரும்பப் பெற. இன்னொன்று, குழந்தைக்குத் தந்தை நான்தான் என்று ஏற்றுக்கொள்ள. பதிவில் பெயரில்லாதவன் முதலாவதைக் கொடுத்தால் இரண்டாவதையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டுமாம். முழங்காலில் ஃபைலை வைத்து நானே எல்லாவற்றையும் நிரப்பினேன். பெயர், பிறந்த தேதி, வேலை, சம்பளம். ஏழு வருஷத்துக்கு முன் கழுத்துக் கயிறு என்று சொன்ன அதே படிவம்தான். அச்சுகூட மாறவில்லை.

"இந்தா, ரெண்டுலயும் கையெழுத்துப் போடு."

பேனாவை வாங்கினான். மூடியைத் திறந்தான். மூடினான். திறந்தான்.

"ஏன்டா, கண்ட தாள்ல எல்லாம் போடுவ. இதுல மட்டும் கை வரலையா?"

"கூப்பிடட்டும்கா."

ஐம்பத்து மூன்று. ஐம்பத்தைந்துக்கு ஆள் இல்லை, சந்தோஷம். ஐம்பத்தாறு கவுண்டரிலேயே அழ ஆரம்பித்துப் பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டது. அழுகிற ஆளைப் பார்த்து ஆத்திரப்பட்டது அன்றைக்குத்தான். கடிகாரத்தைப் பார்ப்பதும், அவனைப் பார்ப்பதும், தேதியை விரல்விட்டு எண்ணுவதுமாக இருந்தேன். கையெழுத்து நாளைச் சேர்ப்பார்களா, மாட்டார்களா? மருந்தில் என்றால் அச்சடித்த மாதத்தின் கடைசி நாள் வரை செல்லும். மனுஷருக்கு எப்படிக் கணக்கு வைத்திருக்கிறார்களோ.

மூன்று இருபத்தொன்றுக்கு அறுபத்தொன்று எரிந்தது. எழுந்த வேகத்தில் முட்டி வலியே தெரியவில்லை.

"இன்னிக்கு முப்பதாவது நாளா, முப்பத்தொண்ணாவது நாளாம்மா?" முதல் கேள்வியே அதுதான்.

அந்த அம்மா கண்ணாடியை மாட்டி நீலத்தாளைப் பார்த்தார். "கையெழுத்துப் போட்ட நாள் கணக்குல வராது. இன்னிக்குத்தான் கடைசி."

எனக்குப் போன உயிர் வந்தது. நீலத்தாளைத் திருப்பிக் காட்டினேன். "படிக்காம போட்டுட்டாம்மா. பாருங்க, லிஃப்ட்டுக்கு எழுதறதையே எழுதி வெச்சிருக்கான். உரிமம் எண், நேரம், குறை இல்லை. புத்தி எங்கியோ வெச்சுட்டுப் போட்டிருக்கான். இதெல்லாம் ஒரு சம்மதமா?"

அவர் குறிப்பைப் படித்தார். உதடு லேசாக விரிந்தது. பிறகு என்னைத் தாண்டி அவனைப் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்க தம்பி. காரணம் எழுதணும்னு கட்டாயம் இல்ல. எழுதினா உண்மையை எழுதணும். படிக்காமலா கையெழுத்துப் போட்டீங்க?"

"படிச்சேங்க" என்றான். "ரெண்டு தடவை படிச்சேன். பின்பக்கமும் படிச்சேன்."

நான் அவன் பக்கம் திரும்பினேன். அடிக்கக் கை ஓங்காததுதான் குறை.

"படிச்சியா? படிச்சுட்டுமா போட்ட?"

"குட்டிதான் கேட்டாக்கா." அவன் கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாவிடம் சொல்வதுபோல என்னிடம் சொன்னான். "ஸ்கூல்ல ஏதோ சீட்டு கேட்டாங்களாம். பிறப்புச் சான்றிதழ எடுத்துப் பாத்திருக்கா. தம்பிப் பாப்பாவோடதுல அப்பா பேரு இருக்கு, என்னோடதுல மட்டும் ஏன் கோடுன்னு கேட்டா. பூங்காவுல ஊஞ்சல்ல உக்காந்துகிட்டு. நான் என்ன சொல்லுவேன்? அந்தக் கோடு நாம போட்டதுதானே?"

நாம என்றான். நீ என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் பதிலுக்கு எதையாவது சொல்லி ஆற்றிக்கொண்டிருப்பேன்.

"மாஸ்டர் தன் பேரைப் போடத் தயாரா இருக்காரு. நல்ல மனுஷன். ரோடு தாண்டும்போது அவளை எப்பவும் உள்பக்கம் விட்டுத்தான் கூட்டிட்டுப் போவாரு. அவளுக்கு ஜுரம் வந்தப்ப மூணு நாள் கிளாசுக்குப் போகலை. அவங்க கல்யாணத்துலேர்ந்து சனிக்கிழமை சனிக்கிழமை பாக்கறேன். சத்தம் போட்டு ஒரு வார்த்தை பேசினதில்ல. அதான் எழுதினேன், நேர்ல பாத்தேன், குறை இல்லைன்னு. லிஃப்ட்டுன்னு நெனச்சு எழுதலக்கா."

பதினெட்டு வருஷம் பொடி எழுத்துப் படித்தவள். அவன் எழுதியிருந்தது கொட்டை எழுத்தில்தான் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு நான் சிரித்தேன்.

மூன்று இருபத்தைந்து. அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்ப எதுக்குத் தம்பி வந்தீங்க? சம்மதம் சம்மதமாவே இருக்கட்டுமே. இன்னிக்குச் சாயந்திரத்தோட தானா உறுதி ஆயிரும்."

"நான் வரல. அக்காதான் இழுத்துட்டு வந்தாங்க."

வாயைத் திறக்கப் போனேன். சட்டென்று ஒன்று தோன்றி மூடிக்கொண்டேன். அவன் வேலை பார்க்கும் கட்டடத்திலிருந்து என் கடைக்கு வரும் வழியில் மூன்று மருந்துக் கடை இருக்கிறது. ஒரு பிளாஸ்திரிக்கு அதையெல்லாம் தாண்டி என்னிடம் வந்திருக்கிறான். கடைசி நாளில், அந்த ஃபைலைத் தூக்கிக்கொண்டு. வந்து என் மூக்குக்கு நேரே மேஜைமேல் வைத்திருக்கிறான்.

"தம்பி, நேரம் ஆகுது" என்றார் அந்த அம்மா, பொறுமையாகவே.

அவன் கட்டுப்போட்ட விரலால் நீலத்தாளின் பின்பக்கத்தில் ஒரு வரியைத் தொட்டான். "உரிமை முடியும்னு போட்டிருக்கு. அது போனா போகட்டும்னுதான் போட்டேன். அடுத்தாப்ல, பொறுப்பும் முடியும்னு போட்டிருக்கே, அதுதான் நாலு வாரமாத் தூங்க விடல. தினம் பையில தூக்கிட்டு அலையறேன்."

"பணம் கட்ட வேண்டாம்னு அர்த்தம். அதுல என்ன கஷ்டம்?"

"ஒரு கட்டடம்ங்க. ஆறு வருஷம் நான் பாத்த லிஃப்ட். போன வருஷம் வேற கம்பெனிக்குக் குடுத்துட்டாங்க. லிஃப்ட்டுக்குள்ள, அவசரத்துக்குக் கூப்பிடன்னு என் நம்பர் ஒட்டியிருந்துச்சு. அதைச் சுரண்டிட்டாங்க. ஒரு நாள் மூணாவது மாடி வாத்தியாரு உள்ள மாட்டிக்கிட்டாரு. பழக்கத்துல என்னைக் கூப்பிட்டாரு. நான் அடுத்த தெருவுல இருந்தேன், சாவியோட. ஓடிப் போனேன். ஆனா கதவைத் தொடக் கூடாது. தொட்டா எனக்கு உரிமம் போயிரும், வாட்ச்மேன் விட மாட்டேங்கறான். நாப்பது நிமிஷம் வெளிய நின்னு, பயப்படாதீங்க சார், பயப்படாதீங்க சார்னு சொல்லிட்டே இருந்தேன். அந்தக் கம்பெனி ஆள் வர்ற வரைக்கும்." நீலத்தாளின் ஓரத்தை நீவிவிட்டான். "குட்டிக்கு ஒண்ணுன்னா நான் அப்படி வெளிய நிக்கணும். அதான் முடியல. எனக்கு உரிமை வேணாங்க. பொறுப்பு மட்டும் வெச்சுக்கறேன். அப்படி ஒரு ஃபாரம் இருக்கா?"

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். அது சங்கிலியில் ஆடியது.

"இல்லைங்க தம்பி. ரெண்டும் ஒரே தாள்தான். ஒண்ணைக் குடுத்துட்டு ஒண்ணை வெச்சுக்க முடியாது." கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கடகடவென்று, ஆனால் தெளிவாகச் சொன்னார். "இதுல கையெழுத்துப் போட்டா பதிவுல கோடு போயி உங்க பேரு ஏறும். நீங்க சம்மதிக்காம அவரு தத்தெடுக்க முடியாது. பராமரிப்புத் தொகையை கோர்ட்டு நிர்ணயிக்கும், சம்பளத்துல பிடிப்பாங்க. இதுவரைக்கும் கையில குடுத்ததுக்கெல்லாம் ரசீது இருக்கா? இல்லைன்னா அது கணக்குல வருமான்னு நீதிபதிதான் சொல்லணும். குழந்தையைப் பாக்கறதுக்குத் தனி மனு. அதுக்கு நாளாகும். பாக்க விடலைங்கறதுக்காகப் பணத்தை நிறுத்த முடியாது. ரெண்டுக்கும் முடிச்சுப் போடக் கூடாது."

"பாக்க முடியலைன்னாலும் கட்டணும்?"

"கட்டணும்."

"அவளுக்குப் பதினெட்டு ஆகற வரைக்கும்?"

"ஆமா."

மூன்று இருபத்தெட்டு. அவன் என்னைப் பார்த்தான். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பார்த்த அதே பார்வை. என் நாக்கு நுனியில் பத்து வாக்கியம் வந்து நின்றன. போடு என்றும், வேண்டாம், அந்தக் குழந்தை நிம்மதியாக இருக்கிறது என்றும், இரண்டுமே வந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு, "என்னைப் பாக்காதே" என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு நான் வாயை மூடியதில்லை.

கையெழுத்துப் போட்டான். இரண்டிலும். நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக. உரிமம் எண் எழுதவில்லை. நேரம் எழுதவில்லை. 'குறிப்பு' என்ற கட்டத்தின்மேல் பேனா ஒரு நொடி நின்றுவிட்டு எடுபட்டது.

அந்த அம்மா முத்திரை குத்தினார். நேராக விழுந்திருக்கிறதா என்று பார்த்தார். பிறகு பலகை விளக்கை அணைத்தார். எங்களுக்குப் பின்னால் அறுபத்திரண்டு ஏதோ சண்டை போட ஆரம்பித்தது.

இறங்கும்போது பார்த்தேன், அந்த லிஃப்ட் ஒரு குறையும் இல்லாமல் ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது.

"நடுவுல நின்னுரும்னியே?"

"ஒரு நாள் நிக்கும்கா" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

வாசலில் சுவரோரம் நின்று போனை எடுத்தான். கோர்ட்டுக் கடிதம் போய் அவள் பதறுவதற்கு முன்னால் தானே சொல்ல வேண்டும் என்றான். நான் வேண்டாம், நாளைக்குப் பேசலாம் என்றேன். கேட்கவில்லை. குழந்தையின் அம்மா எடுத்தாள். அவள் குரல் போனைத் தாண்டி எனக்குக் கேட்டது. இவன் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். பிறகு பேசினாள்.

"ஏழு வருஷம் எங்க இருந்த? கேட்டப்ப கையெழுத்துப் போட முடியல. விட்டுக் குடுன்னு கேட்டப்ப உடனே போட்ட. இப்ப மறுபடி வந்து கலைச்சு விடற. அந்த மனுஷன் முகத்துல நான் எப்படி முழிப்பேன்? உங்கக்கா சொல்லிக்குடுத்தாங்களா?"

"இல்ல. இந்தத் தடவை நானாத்தான்."

"சரி. சட்டம்னு வந்துட்ட இல்ல? சட்டப்படியே இரு. நாளைக்கு வராத. கோர்ட்டு எந்தக் கிழமைன்னு சொல்லுதோ, அன்னிக்கு வா."

"சரி" என்றான். ஏழு வருஷத்தில் அவன் விடாத சனிக்கிழமை போயிற்று. அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. போனைப் பிடுங்கி அந்தப் பெண்ணிடம் நானே மன்னிப்புக் கேட்கலாமா என்று கையை நீட்டினேன். அதற்குள் அந்தப் பக்கம் ஏதோ இழுபறி. போன் கை மாறியது.

"லிஃப்டப்பா, என்ன ஆச்சு? அம்மா ஏன் கத்தறாங்க?"

"ஒண்ணுமில்லடா. நான் ஒரு காரியம் பண்ணிட்டேன். உன் சான்றிதழ்ல கோடு இருந்துச்சுல்ல?"

"போயிருச்சா?"

"போயிரும்."

"யாரு பேரு?"

அவன் சுவரில் சாய்ந்துகொண்டான். "என் பேரு."

நான் அவன் பக்கத்தில் போய் நின்றேன். அவள் அழுதால் இவன் இங்கேயே உடைந்துபோவான். 'எனக்கு அப்பா பேருதான் வேணும்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், மேலே ஓடிப்போய்க் கவுண்டர் கதவைத் தட்டுவான், எனக்குத் தெரியும்.

"உன் பேரு எத்தன எழுத்து?" என்றாள் குட்டி.

"என்ன?"

"அந்தக் கோடு சின்னதா இருக்கும் லிஃப்டப்பா. அதுல எடம் பத்தணுமில்ல. எத்தன எழுத்து?"

அவன் விரல்விட்டு எண்ணினான். முப்பது வருஷமாக எழுதுகிற பெயரை, கட்டை விரலில் தொடங்கி ஒவ்வொன்றாக எண்ணினான்.

"நாலு."

"அப்ப பத்தும்" என்றாள். "நாளைக்கு வருவியா?"

"நாளைக்கு இல்லடா. எப்பன்னு சொல்லுவாங்க."

"யாரு?"

அவன் போனை என்னிடம் நீட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். நான் அதைக் காதில் வைத்து, "அத்தை பேசறேன்டா" என்றேன்.